கதவில் எழுதியிருந்தது

மார்ச் 3, திங்கள்

பதினான்கு மென்பொருள்கள். காலையிலிருந்து அவற்றின் பெயர்களை ஓர் அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பதினான்கும் தம்மைப் பற்றி ஒரே பொய்யைத்தான் சொல்கின்றன: எளிமை, வேகம், பாதுகாப்பு.

எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட்கள் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளாறு, ஒரு பிடிவாதம். அவற்றைப் பற்றிய குறிப்புகள் பத்துப் பேர் கணினியில் பத்துக் கோப்புகளாகக் கிடக்கின்றன. 'கடைசி', 'கடைசி திருத்தியது', 'இதுதான் கடைசி'. எல்லாவற்றையும் ஒரு விக்கிக்குள் கொண்டுவர வேண்டும். பலர் சேர்ந்து எழுதி, பலர் சேர்ந்து திருத்தும் பக்கங்கள். எந்த விக்கி என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல எனக்கு இரண்டு வாரம். ஏப்ரல் நடுவில் தணிக்கை வருகிறது, அதற்குள் காட்ட ஏதாவது வேண்டும். இது மேலாளரின் கவலை. அவரை நாங்கள் 'கையெழுத்து' என்போம். கழிவறைக் குழாய் ஒழுகினால்கூட அவர் கையெழுத்து வந்த பிறகுதான் நிற்கும்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவனும் அதே கம்பெனிதான், காண்டிராக்ட் மெக்கானிக். நான் சேர்ந்து நான்கு மாதம்: நாற்காலி, அடையாள அட்டை, மின்னஞ்சல். அவனுக்கு ஏழு வருடம்: ஒரு டூல் பை.

"விக்கின்னா என்ன மேடம்?" நான் ஆபீஸ் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் மேடம்தான்.

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அது எங்ககிட்ட எப்பவோ இருக்கே. கதவு."

"எந்தக் கதவு?"

"ஞாயித்துக்கிழமை வா, காட்டறேன். செருப்புல வராத. ஷூ போட்டுட்டு வா."


மார்ச் 9, ஞாயிறு

பார்த்தேன்.

பதினோரு மாடிக் குடியிருப்பு, மொட்டை மாடிக்கு மேலே ஓர் அறை, மெஷின் ரூம். கிரீஸ் வாடை, புறா எச்சம். லிஃப்டை இயக்கும் கன்ட்ரோல் பெட்டி பீரோ மாதிரி நிற்கிறது. அதன் இரும்புக் கதவைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினான் அண்ணன்.

கதவு முழுக்க எழுத்து. மார்க்கரில், பென்சிலில், ஆணியால் கீறி.

'4ஆம் மாடி கதவுப் பூட்டு மழையில் நம்பாதே.' அதன் மேல் ஒரே ஒரு கோடு. கீழே வேறு கையெழுத்து: 'மாத்தியாச்சு. நம்பலாம். 12/8.' அதற்கும் கீழே மூன்றாவது கை: 'நம்பினேன். செத்தேன். 3/11.'

"இத ஏன் முழுசா அழிக்காம விட்டிருக்கீங்க? தப்புன்னு தெரிஞ்சப்புறம்?"

"அழிக்கக் கூடாது. ஒரு கோடுதான் போடணும். தப்பும் படிக்கற மாதிரி இருக்கணும். அப்பத்தான எவன் எப்படி ஏமாந்தான்னு அடுத்தவனுக்குத் தெரியும்."

"யார் சொன்ன ரூல் இது?"

"யாரும் சொல்லல. அப்படித்தான் எழுதறோம்."

பதினான்கு மென்பொருள்காரர்களும் பக்கம் பக்கமாக விளக்கும் விஷயம் இது. பழைய வடிவம், புதிய வடிவம், யார் மாற்றினார், எப்போது. எல்லாம் ஒரு துருப்பிடித்த கதவில் இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டேன்.


மார்ச் 12, புதன்

பதினான்கு மூன்றாகி, மூன்று இரண்டாகிவிட்டது. அண்ணன் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டான்.

'நீலம்': நீலச் சின்னம், அழகான பக்கங்கள், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒருவர் எழுதினால் இன்னொருவர் ஒப்புதல் தந்த பிறகே பக்கம் வெளியே தெரியும்.

'மொட்டை': வெறும் எழுத்து. கட்டணம் இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம். பழைய கணினியில் ஓடும், சிக்னல் சரியாக இல்லாத மெஷின் ரூமில் பழைய போனிலும் தட்டுத்தடுமாறித் திறக்கும். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், பழையது எப்போதும் இருக்கும்.

"மொட்டைதான் கதவு மாதிரி இருக்கு," என்றான்.

எனக்கும் அதுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லப் போகிறேன்.


மார்ச் 14, வெள்ளி

இரண்டு மணி நேரக் கூட்டம். ஏசி வேறு வேலை செய்யவில்லை. அதற்கும் கையெழுத்து நிலுவையாம்.

"யார் வேணும்னாலும் எழுதலாம்னா, தப்பா எழுதினா யாரும்மா பொறுப்பு?" கையெழுத்து கேட்டார்.

"அடுத்தவங்க திருத்துவாங்க சார்."

"அடுத்தவங்கன்னா யாரு? காண்டிராக்ட் ஆளுங்களா? அவங்க எழுதறதெல்லாம் டாக்குமென்ட்டா?"

அந்த அறையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் ஒருவராவது இந்த வருடம் மெஷின் ரூம் படி ஏறியிருப்பாரா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதவுப் படத்தைத் திரையில் போட்டேன். இதைத்தான் சார் அவங்க பல வருஷமா எழுதிட்டு இருக்காங்க, இதுக்கு ஒரு இடம் குடுத்தாப் போதும் என்றேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். ஆகா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எல்லாக் கதவுலயும் இப்படித்தானா?"

"எல்லாத்துலயும் சார்." பெருமையாகச் சொன்னேன். பெருமையாக.

தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.


மார்ச் 20, வியாழன்

நீலம்.

இருபது கணக்குகள். எல்லாம் ஆபீசுக்கு. மெக்கானிக் ஒருவருக்கும் இல்லை. தலைக்குக் கட்டணமாம், காண்டிராக்ட் தலை தலைக்கணக்கில் வராதாம். ஒப்புதல் தரும் பொத்தான் ஒரே ஒருவருக்கு. யாருக்கு என்று எழுத வேண்டுமா?

கணினிப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், 'பாஸ்வேர்டு' என்போம். எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் மாற்றச் சொல்வார். அவரிடம் கையெழுத்து ஒரு நிபந்தனை போட்டார். "யார் எப்ப எழுதினாங்க, எப்ப அப்ரூவ் ஆச்சு, எல்லாம் நிமிஷக் கணக்கோட பதிவாகணும். யாராலயும் மாத்த முடியக் கூடாது. நாளைக்கு எவனாவது நான் எழுதலன்னு சொன்னா மாட்டணும்."

பாஸ்வேர்டு அதை எழுத்தில் வாங்கிக்கொண்டார்.

மொட்டையைப் பற்றி நான் எழுதிய ஆறு பக்க அறிக்கையின் பின்பக்கத்தில் யாரோ டீ கணக்கு எழுதியிருக்கிறார்கள்.


மார்ச் 24, திங்கள்

சுற்றறிக்கை. 'தணிக்கையை முன்னிட்டு அனைத்துக் கன்ட்ரோல் பெட்டிகளின் கதவுகளும் உள்பக்கம் சாம்பல் நிறப் பெயின்ட் அடிக்கப்பட வேண்டும். கிறுக்கல்கள் கண்டறியப்பட்டால் சம்பந்தப்பட்ட பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஏப்ரல் 5-க்குள்.'

நான் காட்டிய படம். நான்தான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

நேராகக் கையெழுத்தின் அறைக்குப் போனேன். அழிக்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் விக்கில ஏத்திடறேன் சார், ஒரு மாசம் குடுங்க என்றேன். "தாராளமா ஏத்தும்மா. ஆனா தேதி தேதிதான்."

நூற்றுப் பதினெட்டு மெஷின் ரூம்கள். பன்னிரண்டு நாள்.


மார்ச் 28, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஆபீசுக்கு முன் மூன்று, சாயங்காலம் நான்கு. முழங்கால் கழன்றுவிட்டது. இதுவரை முப்பத்தொன்று.

இன்று துணிக்கிடங்கு. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். அந்த ஏரியா மெக்கானிக்கை எல்லோரும் 'நெட்டை' என்பார்கள், நான் நெட்டை அண்ணன் என்பேன். கதவு நிலைகளில் இடித்து இடித்து நெற்றியில் தழும்பு. கதவைத் திறந்து ஒரு வரி மேல் விரல் வைத்தார்.

'லிஃப்ட் 2: மெயின் அணைச்சாலும் 7, 8இல் கரண்ட் இருக்கும். பக்கத்து லிஃப்டையும் அணை.'

"இத மட்டும் பெருசா எழுதும்மா. பக்கத்து லிஃப்ட்லேருந்து ஒரு ஒயர் இதுக்குள்ள, இந்த 7, 8ஆம் நம்பர் முனைக்கு வருது. எவன் போட்டானோ. ஒருத்தன் ஏற்கெனவே உதறி விழுந்திருக்கான்."

"யாரு?"

"இந்த மூஞ்சியப் பாத்தா தெரியலயா?"

பக்கத்தில் பெயின்ட் டப்பா தயாராக இருந்தது. நான் படம் எடுத்து முடித்ததும், தான் எழுதியதன் மேல் தானே அடித்தார்.


மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் மத்தியானம் வந்தான். விரல் நகமெல்லாம் சாம்பல் நிறம். ஒன்பது கதவு அடித்தானாம். லீவு நாள், கூலி இல்லை.

தட்டை வைத்தேன். தொடவில்லை.

"ஏழு வருஷமா எவன் கண்லயும் படாம இருந்துச்சு. உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நான் உங்களுக்காகத்தான்டா—"

"எங்களுக்காகப் பேச உன்னை யாரு கூப்பிட்டா? நாங்க ஊமையா?"

நானும் விடவில்லை. ஏழு வருஷமா ஒரு தடவ எதிர்த்துக் கேட்டிருக்கியா, பெயின்ட்ட குடுத்தா அடிக்கற, நாளைக்குக் குழிய வெட்டச் சொன்னாலும் வெட்டுவ என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா குறுக்கே வந்தாள். "ஒரே கம்பெனில சேராதீங்கன்னு அன்னைக்கே தலையில அடிச்சிக்கிட்டேன்."

அவன் எழுந்து போய்விட்டான். அவன் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எரிச்சல்.


ஏப்ரல் 2, புதன்

பெயின்ட் என்னை முந்திவிட்டது. அறுபத்தொரு கதவுகள்தான் கையில். மற்ற ஐம்பத்தேழு இனி சாம்பல்.

அறுபத்தொன்றையும் தட்டச்சு செய்து ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மஞ்சள் பட்டை: 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.' என்னையும் கையெழுத்தையும் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது.

நெட்டை அண்ணன் போன் செய்தார். "நம்ம துணிக்கிடங்கு விஷயம் என்னம்மா ஆச்சு?"

"ஏத்தியாச்சுண்ணா. முதல்ல அதைத்தான் ஏத்தினேன்."

"நல்லா இரு. இனிமே நான் தலை இடிச்சிக்க வேண்டாம்."


ஏப்ரல் 8, செவ்வாய்

காத்திருப்பவை 61. ஒப்புதல் பெற்றவை 0. அண்ணன் இன்னும் பேசவில்லை.


ஏப்ரல் 11, வெள்ளி

ஒப்புதல் பெற்றவை 4. ஓடிப் போய்ப் பார்த்தேன். வரவேற்புப் பக்கம், நிர்வாக அமைப்புப் படம், பாதுகாப்புக் கொள்கை, மேலாளரின் செய்தி.

கையெழுத்திடம் கேட்டேன். "தரப்படுத்தலயேம்மா. 'இழவெடுத்த ஸ்விட்ச்', 'நம்பினேன் செத்தேன்'. இதெல்லாம் ஆடிட்டர் படிக்கற பாஷையா? தணிக்கை முடியட்டும், உட்கார்ந்து ஒவ்வொண்ணா பாப்போம்."

"அதுல உயிர் போற விஷயம் இருக்கு சார்."

"எல்லாருக்கும் அவங்கவங்க வேலை உயிர் போற விஷயம்தான்."

அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் என் நாற்காலிக்குத் திரும்பினேன். அண்ணனைப் பார்த்து எதிர்த்துக் கேட்டிருக்கியா என்று கேட்டவள்.


ஏப்ரல் 15, செவ்வாய்

தணிக்கை முடிந்தது. மேலாளரின் செய்தி மிகவும் நன்றாக இருப்பதாகத் தணிக்கையாளர் பாராட்டினாராம். எல்லோருக்கும் கேக்.


ஏப்ரல் 16, புதன்

அண்ணன்.

பதினொன்றே காலுக்கு நெட்டை அண்ணன் போன். "உங்கண்ணனைத் துணிக்கிடங்குக்கா போட்டாங்க? எனக்குத் தெரியாதேம்மா. எனக்குத் தெரியாதே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

திங்கட்கிழமை ஏரியா மாற்றியிருக்கிறார்கள். காலையில் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். நெட்டை அண்ணனை நகரத்தின் அந்தக் கோடிக்கு, அண்ணனைத் துணிக்கிடங்குக்கு. லிஃப்ட் 2 நின்றுவிட்டது என்று போயிருக்கிறான். மெயினை அணைத்திருக்கிறான். முறைப்படிதான் செய்திருக்கிறான். கதவைத் திறந்திருக்கிறான் — கதவு சாம்பல். கை வைத்திருக்கிறான்.

தூக்கி எறிந்ததில் தோளும் முன்கையும் முறிவு. வலது கை இரண்டு விரல் கருகிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் சொன்னார்.

அந்த வரிய தட்டச்சு பண்ணது நான். என் கைதான். மூணு வாரமா எனக்குத் தெரியும். ஒரே வீட்ல, ஒரே மேசைல, எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பேசியிருந்தா எந்த ஏரியான்னு கேட்டிருப்பேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நெட்டை அண்ணன்கிட்ட ஏத்தியாச்சுன்னு சொன்னேன். எங்க ஏத்தினேன்? யாருக்கு ஏத்தினேன்?


ஏப்ரல் 17, வியாழன்

காலையில் ஆஸ்பத்திரி. அரை மயக்கத்தில் இருந்தான். அம்மாவை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன், அந்தப் பக்கத்தைப் பார்க்க.

மஞ்சள் பட்டை இல்லை. 'வெளியிடப்பட்டது.'

வரலாற்றைத் திறந்தேன். நான் ஏற்றியது ஏப்ரல் 2, மாலை 4.10. ஒப்புதல் ஏப்ரல் 16, பகல் 12.40. விபத்து நடந்து ஒன்றரை மணி நேரம் கழித்து.

கையெழுத்து கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், முதல் தடவையாக. தண்ணீர் கொடுத்தார். ஓர் அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். 'அபாயம் குறித்த எச்சரிக்கை விக்கியில் வெளியிடப்பட்டிருந்தது. ஒப்பந்தப் பணியாளர் அதைப் படிக்கத் தவறிவிட்டார்.' கீழே ஆவணப் பொறுப்பாளர் கையொப்பம். நான்.

"அவனுக்குக் கணக்கே கிடையாது சார். எப்படிப் படிப்பான்?"

"கேட்டிருந்தா குடுத்திருப்போமே. கையெழுத்துப் போடும்மா. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பெனி ஒரு மனிதாபிமான அடிப்படையில பாத்துக்கும். இல்லன்னா அவர் கவனக்குறைவுன்னு ஆகி, ஒண்ணும் கிடைக்காது."

யோசிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன். நடைபாதையில் பாஸ்வேர்டு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேதிய மாத்த முடியுமான்னு நேத்தே கேட்டார். முடியாது சார், நீங்கதான் யாராலயும் மாத்த முடியாதபடி கேட்டீங்க, எழுத்துல இருக்குன்னேன்." பிறகு, "நம்ம பிரின்டர்ல கலர் மை இருக்கு. நான் டீ குடிக்கப் போறேன்" என்றார்.


ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணன் தெளிவாக இருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்றியது, காத்திருந்தது, நெட்டை அண்ணனிடம் சொன்னது, 12.40, அறிக்கை. அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் தொழிலாளர் பாதுகாப்பு ஆபீசர் விசாரணைக்கு வர்றார். அந்த வரலாற்றுப் பக்கத்தப் பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன்."

"குடுத்தா உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

"போகட்டும்னா? நான் ஒரு கைய வச்சிட்டு வீட்ல உட்கார்ந்தா யாரு பாக்கறது? யோசிச்சுத்தான் பேசறியா?"

"நீ குடுக்காதன்னா குடுக்கல."

கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தான். பிறகு, "கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு அந்தக் கதவு," என்றான். "ஒரு எழுத்து இல்ல. ஒன்பது கதவு அடிச்சவன் நான். இருந்தும் ஏழு வருஷப் பழக்கம், எழுத்து இல்லன்னா பிரச்சினை இல்லாத லிஃப்ட்டுன்னு நினைச்சேன்."

கொஞ்சம் கழித்து, "குடு மேடம்."


ஏப்ரல் 21, திங்கள்

கொடுத்தேன். இரண்டு தாள். அதிகாரி வரலாற்றுப் பக்கத்தைப் படித்துவிட்டு, 12.40-ஐ விரலால் தொட்டு, "இது யார் கேட்டு வச்ச வசதி?" என்றார்.

"எங்க மேலாளர் சார்."


மே 6, செவ்வாய்

பணியிட விபத்துதான் என்று எழுதிவிட்டார்கள். கவனக்குறைவு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவும் குணமாகும் வரை கூலியும் கம்பெனி தர வேண்டும். மனிதாபிமானம் அல்ல, கடமை.

இன்னொரு உத்தரவும் உண்டு: எச்சரிக்கைக் குறிப்புகளைப் பெட்டியைத் திறக்கிற எவரும் அனுமதி கேட்காமல் படிக்கவும் எழுதவும் வழி இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு இடமாற்றம். தண்டனையாம். இதைவிடப் பெரிய கிளை, தனி அறை, கார். கருகிய இரண்டு விரலுக்கு இவர்கள் கொடுக்கும் தண்டனை இது. எனக்கு மெமோ: உள் ஆவணத்தை வெளியாருக்குக் கொடுத்தது. செப்டம்பருக்கு மேல் என் வேலை நீட்டிக்கப்படாது.


மே 20, செவ்வாய்

பாஸ்வேர்டு மேசைக்கு அடியில் கிடந்த பழைய கணினியில் மொட்டையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். "யாராவது கேட்டா, இது எனக்குத் தெரியாம தானா வந்துச்சு." அறுபத்தொரு பக்கங்களையும் மாற்றினேன். மஞ்சள் பட்டை கிடையாது. ஒவ்வொரு கதவின் உள்பக்கமும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். போனைக் காட்டினால் அந்த லிஃப்ட்டின் பக்கம் திறக்கும்.


ஜூன் 3, செவ்வாய்

இரண்டு வாரத்தில் ஒருவர்கூட ஒரு வரியும் எழுதவில்லை.

மறுபடி துணிக்கிடங்குக்கே வந்துவிட்ட நெட்டை அண்ணனிடம் கேட்டேன். "போன மாசம் வரைக்கும் எழுதினா நடவடிக்கைன்னீங்க. இப்ப எழுதலன்னா நடவடிக்கையாம்மா? பசங்க பயப்படறாங்க."

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். இந்தப் பயத்தைக் கழற்ற எத்தனை வாரம் என்று எந்த அட்டவணையில் போடுவது?


ஜூன் 14, சனி

கட்டுப் பிரித்தார்கள். தோள் பரவாயில்லை. வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை. இடது கையால் சாப்பிடப் பழகுகிறான். பாதி சட்டைக்குத்தான். அம்மா ஊட்ட வந்தால் முறைக்கிறான்.

மத்தியானம் என் போனைக் கேட்டான். எதற்கு என்றேன். "பொழுது போகல. உன் மொட்டை எப்படி இருக்குன்னு பாக்கறேன்." ஒரு மணி நேரம் வைத்திருந்தான்.


ஜூன் 16, திங்கள்

காலையில் வழக்கம்போல் 'அண்மை மாற்றங்கள்' திறந்தேன். எப்போதும் காலியாக இருக்கும் பக்கம். இன்று இரண்டு வரி.

துணிக்கிடங்கு, லிஃப்ட் 2. நான் தட்டச்சு செய்திருந்த '7, 8இல் கரண்ட் இருக்கும்' மேல் ஒரு கோடு. அதன் கீழே:

'7, 8 மட்டும் இல்ல. 9லயும் இருக்கு. நான் தொட்டது 9. பக்கத்து லிஃப்ட அணைக்காம கை வைக்காத. — இடது கை. 14/6.'

அதற்கும் கீழே, இன்று காலை ஏழரைக்கு:

'10ல மீட்டர் வச்சுப் பாத்தேன். கரண்ட் இல்ல. — நெ. 16/6.'

என் வரியை நீக்கிவிட்டுப் பக்கத்தைச் சுத்தமாக்கலாமா என்று ஒரு நிமிடம் கை போனது. விட்டுவிட்டேன். ஒரே கோடுதான் போட்டிருக்கிறான். கீழே இருப்பது இன்னும் படிக்க முடிகிறது.